கிக்கும் பேஸும் சேரும் இடம்

ரிஹானாவின் ‘அம்ப்ரெல்லா’ 2007இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்தும் டிரம்ஸை அதற்கென்று ஆள் வைத்து வாசிக்கச் சொல்லவில்லை. ஆப்பிளின் கராஜ்பேண்ட் மென்பொருளில் ‘விண்டேஜ் ஃபங்க் கிட் 03’ என்ற பெயரில் இருக்கும் லூப் அது. அந்த மென்பொருள் வைத்திருந்த யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் போட்டிருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து இசையமைக்கும் ஒருவருக்கு இது பெரிய தெம்பு. சரக்கு எல்லோருக்கும் பொது. அதை எதோடு எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் பாட்டு உருவாகிறது.

லூப் என்பது சில விநாடி ஒலிப்பதிவு. முடியும் இடத்திலிருந்து தொடக்கத்துக்குத் தட்டாமல் திரும்பும்படி வெட்டப்பட்டது. பெரும்பாலும் ஒன்று, இரண்டு அல்லது நான்கு பார் நீளம் இருக்கும். நிமிடத்துக்கு 120 பீட் (பிபிஎம்) என்ற டெம்போவில் ஒரு பீட் அரை விநாடி. நான்கு பீட் கொண்ட ஒரு பார் 2 விநாடி. நான்கு பார் லூப் 8 விநாடி. இந்தக் கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும். வெட்டும்போது வெறும் 10 மில்லிவிநாடி கூடிவிட்டது என்று வையுங்கள். முதல் சுற்றில் யார் காதுக்கும் தெரியாது. பன்னிரண்டாவது சுற்று முடியும்போது, அதாவது ஒன்றரை நிமிடத்தில், டிரம்ஸ் கிட்டத்தட்ட கால் பீட் பிந்தியிருக்கும். பாடியவர் தாளம் தப்பிவிட்டார் என்று தோன்றும். தப்பு வெட்டில் இருக்கிறது.

வெட்டில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. திரையில் ஒலி அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுக்கோட்டுக்கு மேலும் கீழுமாக அது போய்வரும். அந்தக் கோட்டைத் தொடும் புள்ளியில் வெட்டினால் மூட்டுத் தெரியாது. அலை உச்சியில் இருக்கும்போது வெட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று கேட்கும். டிரம்ஸில் அடுத்த அடியின் சத்தம் அதை மறைத்துவிடலாம். நீண்டு ஒலிக்கும் அடிச்சுரமான பேஸில் மறைக்க வழியில்லை.

டெம்போவை மாற்றுவது ஒரு காலத்தில் பெரும் தலைவலி. 100 பிபிஎம் லூப்பை 120க்கு ஓட்டினால் வேகத்தோடு சேர்ந்து ஸ்ருதியும் மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று அதிகமாக ஏறிவிடும். டிரம்ஸில் கூர்மையாக ஒலிக்கும் ஸ்னேர் மெலிந்து போகும். பேஸோ பாட்டின் ஸ்ருதியைவிட்டே விலகிவிடும். 1994இல் ஸ்வீடனின் புரொப்பெல்லர்ஹெட் நிறுவனம் கொண்டுவந்த ‘ரீசைக்கிள்’ இதற்கு எளிய வழி கண்டது. லூப்பை ஒவ்வொரு அடியாக நறுக்கி, அடிகளுக்கு இடையிலான தூரத்தை மட்டும் குறுக்கியது. 1998இல் வந்த ‘ஆசிட்’ மென்பொருளில் லூப்பை இழுத்துப் போட்டாலே பாட்டின் டெம்போவுக்கு அது தன்னைச் சரிசெய்துகொண்டது. இன்று ஏறக்குறைய எல்லா மென்பொருளும் இதைச் செய்கின்றன. இருந்தாலும் அளவு வேண்டும். லூப்பின் சொந்த டெம்போவிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகாமல் இருப்பதே நல்லது. அதற்கு மேல் இழுத்தால் பேஸ் கரகரக்கத் தொடங்கும்.

வீட்டில் செய்த பாட்டுகள் பெரும்பாலும் சறுக்குவது அடிஒலியில்தான். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் திறந்த தந்திகள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸில் ஒலிக்கின்றன. காலால் அடிக்கும் கிக் டிரம்மின் வயிற்றொலியும் பொதுவாக 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள்தான். ஒரே இடத்தில் இரண்டு பேர். கிக்கின் அலை மேலே ஏறும் நேரத்தில் பேஸின் அலை கீழே இறங்கினால் ஒன்றையொன்று தின்றுவிடும். தனித்தனியாகக் கேட்டால் கனமாக இருந்த இரண்டும் சேர்ந்ததும் சப்பென்று ஆகிவிடும். ஆகவே யார் கீழே, யார் மேலே என்று முதலில் முடிவு செய்யுங்கள். கிக் 60 ஹெர்ட்ஸில் அழுத்தமாக இருந்தால் ஈக்குவலைசரில் பேஸை அந்த இடத்தில் கொஞ்சம் குறையுங்கள். கிக் விழும் கணத்தில் மட்டும் பேஸ் தானாகத் தணிந்து மறுபடி எழும்படி செய்யும் ‘சைட்செயின்’ முறையும் உண்டு. நடனப் பாட்டுகளில் கேட்கும் அந்த மூச்சு வாங்குவது போன்ற அசைவு அதனால் வருவது.

போன் ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வெளியே வரவே வராது. ஆனால் அதன் மடங்குகளான 82, 123, 164 ஹெர்ட்ஸ் என்று ஏறிக்கொண்டே போகும் ஒலிகளில் மேலே உள்ளவை காதில் விழுந்தால் போதும். அடிப்படைச் சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். பேஸில் துளி டிஸ்டார்ஷன் சேர்ப்பது இந்த மடங்குகளை வளர்க்கத்தான்.

கருவிகளைவிட முக்கியமானது தாள உறவு. டிரம் லூப்பை ஓடவிடுங்கள். பாட்டின் ஆதார சுரத்தை மட்டும் எடுத்து, கிக் விழும் இடங்களில் மட்டும் பேஸில் வாசியுங்கள். வேறு எதுவும் வேண்டாம். அடுத்து அந்தச் சுரத்தின் நீளத்தை மாற்றுங்கள்: ஸ்னேர் விழுவதற்கு ஒரு இமைப்பொழுது முன்பே பேஸை நிறுத்திப் பாருங்கள். ஸ்னேரின் ஒலியளவைத் தொடாமலேயே அது முன்னால் வந்து நிற்கும். பேஸ் எப்போது ஒலிக்கிறது என்பதைவிட எப்போது அடங்குகிறது என்பதில்தான் பாட்டின் நடை இருக்கிறது என்பேன். லூப் மனிதர் வாசித்ததாக இருந்தால் சில அடிகள் மென்பொருள் திரையின் தாளக் கட்டத்துக்குச் சற்றுப் பின்னால் விழும். அப்போது பேஸைக் கட்டத்தோடு இறுக்கிக் கட்டாமல் அந்த அடிகளோடு சேர்த்து நகர்த்துங்கள்.

சந்தையில் கிடைக்கும் லூப் தொகுப்புகளில் மிகப் பெரும்பாலானவை நான்கு பீட் கணக்கில் இருப்பவை. நம் குத்துப் பாட்டுகளிலும் நாட்டுப்புற மெட்டுகளிலும் பல, ஆறு கணக்கான சிக்ஸ் எய்ட்டில் நடப்பவை. அந்த மெட்டை நான்குக்குள் திணித்தால் உயிர் போய்விடும். மெட்டைத் திருத்தாதீர்கள், லூப்பை மாற்றுங்கள்.

உரிமை விஷயத்துக்கு வருவோம். 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் தனியாக வாசித்த நான்கு பார், சுமார் ஏழு விநாடியே நீளும் டிரம்ஸ், பின்னாளில் ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு லூப்பாகப் போனது. பிரிட்டனின் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் இசைவகைகள் அதன்மேல்தான் எழுந்தன. கோல்மனுக்கு அதிலிருந்து ராயல்டி எதுவும் கிடைக்கவில்லை. 2006இல் வறுமையில் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் திரட்டித் தந்த சுமார் 24,000 பவுண்டுதான் மிச்சம்.

ஆகவே ராயல்டி இல்லாத லூப் என்று வாங்கினாலும் உரிம நிபந்தனைகளை முழுதாகப் படியுங்கள். பாட்டில் சேர்க்க அனுமதி இருக்கும்; லூப்பைத் தனியாக விற்க அநேகமாக இருக்காது. அதே லூப் வேறு பாட்டிலும் இருந்தால் யூடியூபின் தானியங்கிச் சோதனை உங்கள் பாட்டைப் பிடிக்கக்கூடும். வாங்கிய ரசீது கையில் இருக்கட்டும். உங்கள் ஊர்ப் பறைக் கலைஞரையோ தவில்காரரையோ வைத்து லூப் பதிவு செய்தால், எதற்கெல்லாம் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி, எழுதி வாங்கி, உரிய பணம் கொடுத்து, பாட்டு வெளிவரும்போது அவர் பெயரையும் போடுங்கள்.