தாண்டும் குதிரைக்கு ஏற்ற சேணம்

புதுச்சேரியை அடுத்த ஆரோவில் வட்டாரத்தில் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி நடத்தும் போட்டிகளில், தடைகளை அநாயாசமாகத் தாண்டும் குதிரையைக் கண்டு வியக்கும் நாம், அந்தப் பாய்ச்சலுக்கு ஆதாரமான சேணத்தைக் கவனிப்பதில்லை. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி பெடெரிகோ காப்ரில்லி (1868–1907), பாயும் வேளையில் பின்சாய்ந்து அமரும் பழைய வழக்கத்தை நீக்கி, அங்கவடியைக் குறுக்கி, குதிரையின் கதியோடு முன்சாய்ந்து செல்லும் முறையை வகுத்ததன் பயனாகவே, முழங்காலுக்கு இடங்கொடுக்கும்படி பக்கத்தோல் முன்னோக்கி வெட்டப்பட்ட சேணம் வழக்கத்துக்கு வந்தது.

இத்தகைய சேணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது குதிரையின் முதுகையே. ஆள் ஏறியபின்பும், பிடரியின் அடியிலுள்ள மேட்டெலும்புக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல்கள் நுழைய இடமிருக்க வேண்டும். பாரம் முதுகெலும்பின்மேல் விழாமல் இருபுறத் தசைகளிலும் சமமாகப் பரவ வேண்டும். தோள்பட்டை தடையின்றி அசைய வேண்டும். கடைசி விலா எலும்பைத் தாண்டிப் பாரம் செல்லலாகாது. சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும், வியர்வையில் நனைந்த முதுகில் ஓரிடம் மட்டும் திட்டாக உலர்ந்திருந்தால், அங்கே அழுத்தம் மிகுந்ததோ என்று சந்தேகிக்க வேண்டும்.

ஏறுபவருக்கோ, முழங்கால் பக்கத்தோலின் விளிம்பைத் தாண்டாமலும், அமர்ந்தபின் பின்னே சேணத்தில் ஒரு கையகலம் மிச்சமிருந்தும் அமைவதே சரியான அளவு. கான்பூரில் தைத்ததாயினும் பிரான்ஸிலிருந்து வந்ததாயினும், விலையைக் கொண்டு சேணத்தை மதிப்பது தவறு. நோவை வாய்விட்டுச் சொல்ல இயலாத பிராணிக்காக நாமே பரீட்சித்து அறிவது தர்மம்.