வானிலிருந்து தென்னையை நோக்கிய விஞ்ஞானி

முற்காலத்தில் சர்வேயர் நடந்து சென்று கண்ட இடமே தேசப்படத்தில் ஏறிற்று. விமானத்திலிருந்து எடுக்கும் ஒளிப்படம் இவ்வேலையைப் பெரிதும் சுருக்கியது. அப்படம் நிலத்தின் உருவத்தை மட்டுமன்றி, அதில் வளரும் பயிரின் நலத்தையும் காட்டவல்லது என்பதை நம் நாட்டில் மெய்ப்பித்தவர் டாக்டர் பி. ஆர். பிஷரோட்டி ஆவார்.

அவர் 1909-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் கேரளத்துக் கொல்லங்கோட்டில் பிறந்தார். கல்லூரியில் பௌதிகம் போதித்த அவர், ஸர் சி. வி. ராமன் அவர்களின் கீழ் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றார். 1942-இல் வானிலை இலாகாவில் சேர்ந்தார். 1962-இல் புனாவில் தோன்றிய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். 1967-இல் ஆமதாபாத்திலுள்ள பௌதிக ஆராய்ச்சிக் கூடத்திற்குச் சென்றார்.

கேரளத்துத் தென்னைகளை நெடுங்காலமாக வேர் வாடல் நோய் பீடித்து வந்தது. மரம் உடனே மடிவதில்லை. ஓலை தளர்ந்து, காய்ப்புக் குறைந்து, குடியானவரின் வருவாய் ஆண்டுதோறும் தேயும். நோய் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதை மரம் மரமாகச் சென்று கணக்கிடுவது எளிதன்று. 1970-ஐ ஒட்டிய காலத்தில் பிஷரோட்டியும் அவருடைய குழுவினரும் அகச்சிவப்பு வண்ண பிலிமைக் கொண்டு அத்தோப்புகளை வானிலிருந்து படமெடுத்தனர்.

இம்முறையின் தத்துவம் எளியது. இலையிலுள்ள பச்சையம் சிவப்பொளியை உட்கொள்கிறது. இலையின் உள்ளமைப்போ, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. அக்கதிர்களை இந்த பிலிம் சிவப்பு நிறமாகப் பதிவு செய்யும். ஆகவே நலமுள்ள மரம் படத்தில் செக்கச்சிவந்து தோன்றும். நலிந்த மரத்தின் நிறம் மங்கும்.

இச்சோதனை இந்தியத் தொலையுணர்வுக் கலையின் தொடக்கமாக மதிக்கப்படுகிறது. 1974-இல் தேசியத் தொலையுணர்வு நிறுவனம் ஏற்பட்டது; ஐதராபாத்தில் இயங்கும் அது, 2008 முதல் தேசியத் தொலையுணர்வு மையம் எனப் பெயர் பெற்றுள்ளது. 1988-இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ முதலிய துணைக்கோள்கள் அனுப்பிய செய்திகளை, ஐதராபாத்தை அடுத்த ஷாத்நகர் நிலையம் பெற்று வந்துள்ளது. பயிர், காடு, நீர்நிலை ஆகியவற்றின் படங்கள் அவற்றைக் கொண்டு வரையப்படுகின்றன.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. மங்கிய நிறம் மரம் நலிந்ததைக் காட்டுமேயன்றி, நலிவின் காரணத்தைக் கூறாது. நீரின்மையாலும் ஓலை வாடலாம், உரக்குறைவாலும் வாடலாம். தோப்பிற்குள் சென்று, குறித்த மரத்தைப் பார்த்து, காரணத்தை எழுதி வருபவர் களப்பணியாளரே. அவர் தரும் குறிப்புத் தவறாயின், படம் முழுவதும் தவறான பொருள் கொள்ளும்.

பிஷரோட்டி 2002-இல் காலமானார். அவர் காட்டிய வழியில் வானத்துக் கண்ணும் மண்ணில் நடக்கும் காலும் இணைந்தே தேசப்படத்தை உருவாக்குகின்றன.