நோன்பில் மிஞ்சிய உணவு யாருக்கு?

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்வதோடு கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குகிறது. அன்று முதல் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாள் வரை மொத்தம் 46 நாள்கள். ஞாயிற்றுக்கிழமைகள் இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் நாள்கள் என்பதால் அவற்றைக் கழித்துவிட்டால் எஞ்சுபவை 40. பாலைநிலத்தில் இயேசு 40 நாள்கள் நோன்பிருந்ததன் நினைவாக இக்காலம் கடைப்பிடிக்கப்படுகிறது. சீர்திருத்தத் திருச்சபையினர் இதனை லெந்து காலம் என்பர்.

இந்நாள்களில் இறைச்சியைத் தவிர்ப்போர் பலர். ஒரு வேளை உணவைத் துறப்போரும், தேநீரையும் இனிப்பையும் விலக்குவோரும் உண்டு. காவியுடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்தே செல்வோரைச் சாலையோரங்களில் காணலாம். இவை யாவும் மதிக்கத்தக்கவை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: உண்ணாமல் விட்ட அந்த உணவு எங்கே போகிறது?

அது வீட்டுச் செலவில் மிச்சமானால், அதற்குப் பெயர் சிக்கனம். உடல் எடை குறைவதோடு நின்றுவிட்டால், அது உணவுக் கட்டுப்பாடு. இரண்டும் நல்லவைதான். ஆனால், தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் நோன்பு என்று கருதியது வேறு.

இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதப்பட்ட ‘ஹெர்மாஸின் மேய்ப்பர்’ என்னும் நூல் இதற்கு ஒரு கணக்கையே சொல்லித் தருகிறது. நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் கொள்ள வேண்டும். வழக்கமாக உண்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட வேண்டும். அத்தொகையைக் கைம்பெண்ணுக்கோ, அனாதைக்கோ, வறியவருக்கோ கொடுத்துவிட வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டின் திருத்தந்தை பெரிய லியோவும், நோன்பிருப்பவர் தவிர்த்த உணவு ஏழையின் உணவாக வேண்டும் என்றே போதித்தார்.

இதன் வேர் விவிலியத்திலேயே இருக்கிறது. சங்கிலிகளை அவிழ்ப்பதும், பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், வீடற்றவருக்கு இடமளிப்பதுமே கடவுள் விரும்பும் நோன்பு என்பது இறைவாக்கினர் எசாயாவின் அறிவிப்பு. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் தர்மம், வேண்டுதல், நோன்பு ஆகிய மூன்றையும் பற்றி இயேசு பேசுகிறார். அவற்றுள் முதலில் வருவது தர்மம். நோன்பு கடைசியில்தான் வருகிறது.

பழைய அந்தக் கணக்கு நம் காலத்தில் இயக்கமாகவும் வளர்ந்தது. 1958-இல் ஜெர்மனியின் கத்தோலிக்க ஆயர்கள், கர்தினால் ஃபிரிங்ஸின் முன்மொழிவை ஏற்று ‘மிசெரியோர்’ அமைப்பைத் தொடங்கினர். போரின் அழிவிலிருந்து அப்போதுதான் மீண்டுகொண்டிருந்த அந்நாட்டு மக்கள், தவக்காலக் காணிக்கையைப் பிற கண்டங்களின் ஏழைகளுக்கு அனுப்பலாயினர். 1975-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஆப்பிரிக்க வறட்சியைக் கண்டு மனம் வருந்திய மக்கள், தவிர்த்த உணவின் பணத்தை ஓர் அட்டைக் கிண்ணத்தில் சேர்க்கத் தொடங்கினர். ‘அரிசிக் கிண்ணம்’ என்ற பெயரில் அது இன்றும் தொடர்கிறது.

நமக்கு இது அந்நியமான எண்ணமன்று. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் வழக்கத்தை மிசோரம் கிறிஸ்தவப் பெண்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்து வருகின்றனர். காஞ்சிப் பெரியவர் ஊக்குவித்த பிடி அரிசித் திட்டத்தின் அடிப்படையும் இதுவே. அடுப்படியில் தொடங்கும் அறத்துக்குச் சமய எல்லை இல்லை.

சிறிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். தவக்காலத்தில் வரும் வெள்ளிக்கிழமைகள் ஏழு. நால்வர் கொண்ட குடும்பம் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு வேளை உணவைத் துறந்தால், 28 வேளை உணவு மிஞ்சும். வேளைக்கு 50 ரூபாய் என்றாலும் 1,400 ரூபாய். பெருந்தொகை இல்லைதான், பெறுபவருக்கோ அது 28 முறை பசியாறுதல்.

எனினும், பணம் கொடுத்ததோடு கடமை முடிந்துவிடுவதில்லை. இறுதி இரவுணவின்போது அப்பமும் இரசமும் பகிரப்பட்டதை மற்ற மூன்று நற்செய்திகளும் விவரிக்க, யோவான் நற்செய்தி அவ்விடத்தில் சீடர்களின் பாதங்களை இயேசு கழுவியதைச் சொல்கிறது. அக்காலத்தில் அது அடிமைகளின் வேலை. 2013-ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று, திருத்தந்தை பிரான்சிஸ் ரோம் நகரின் இளங்குற்றவாளிகள் சிறைக்குச் சென்று 12 பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் பெண்களும் இஸ்லாமியரும் இருந்தனர். பாதம் கழுவக் குனிபவர், எதிரில் இருப்பவரை அண்ணாந்துதான் பார்க்க முடியும். தொண்டு செய்வோர் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

உணவுப் பொட்டலத்தை நீட்டியபடி புகைப்படத்துக்கு நிற்கும் இன்றைய வழக்கத்தை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பெறுபவரின் வறுமையைப் படமாக்கிப் பரப்பும் தர்மம், வயிற்றை நிரப்பினாலும் மனத்தைப் புண்படுத்திவிடும். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்ற போதனை, கொடுப்பவரின் அடக்கத்தோடு பெறுபவரின் மானத்தையும் காக்கிறது.

அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் துணையின்றி நிற்கும் முதியவருக்கு அரைநாளைக் கொடுக்கலாம். பார்வையற்ற மாணவருக்காகத் தேர்வு எழுதலாம். குருதி கொடுக்கலாம். பல ஆண்டுகளாகப் பேசாத உடன்பிறப்பின் வீட்டுக் கதவைத் தட்டலாம். நோயாளிகளுக்கும் முதியோருக்கும் நோன்பிலிருந்து திருச்சபை விலக்களிக்கிறது. ஆனால், அன்பு செய்வதிலிருந்து எவருக்கும் விலக்கில்லை.

நாற்பது நாள்கள் ஒரு பழக்கம் வேரூன்றப் போதுமானவை. உயிர்ப்பு ஞாயிறன்று இறைச்சி மீண்டும் இலைக்கு வரும், அதில் தவறில்லை. ஆனால், தவக்காலத்தில் நாம் தேடிச் சென்ற முதியவர் அடுத்த வாரமும் நம்மை எதிர்பார்த்திருப்பார். நாம் இருந்த நோன்பு எத்தகையது என்பதை அன்று நாம் போகிறோமா, இல்லையா என்பதே சொல்லிவிடும்.