கடைவீதியின் கதை – 8: தெருவில் விழும் காசு தெருவுக்கே

கடைவீதியில் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கி, அந்த வருவாயை அதே வீதியின் நடைபாதை, விளக்கு, கட்டட முகப்பு ஆகியவற்றைச் சீராக்கச் செலவிடும் முறை அமெரிக்காவில் ‘பார்க்கிங் பயன் வட்டாரம்’ என்று அழைக்கப்படுகிறது. இதற்கு நகரத் திட்ட வல்லுநர்கள் முதலில் எடுத்துக்காட்டும் ஊர், கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகிலுள்ள பாசடீனா.

பார்க்கிங் மீட்டர் பிறந்ததே கடைவீதிக்காகத்தான். உலகின் முதல் மீட்டர் 1935 ஜூலை 16 அன்று ஓக்லஹோமா சிட்டியில் நிறுவப்பட்டது. கட்டணம் மணிக்கு 5 சென்ட். அதற்கு முன் அங்கே வேலைக்கு வருவோர் காலையில் நிறுத்திய காரை மாலையில்தான் எடுத்தார்கள். பொருள் வாங்க வந்தவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. காசு போட வேண்டும் என்றதும் இடங்கள் கைமாறத் தொடங்கின. பிற நகரங்களும் மீட்டரை ஏற்றன. ஆனால் பல ஊர்களில் மீட்டர் பணம் நகராட்சியின் பொதுக் கணக்கில் கரைந்துபோனது. கட்டணம் எங்கள் தெருவில், செலவு வேறெங்கோ என்ற மனக்குறை வணிகர்களிடம் வேரூன்றியது.

பழைய பாசடீனா

பாசடீனாவின் பழைய வணிகப் பகுதி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செழிப்பாக இருந்தது. 1929இல் அதன் முதன்மைச் சாலையான கொலராடோவை அகலப்படுத்த, இருபுறக் கட்டடங்களும் 14 அடி பின்னுக்கு வெட்டப்பட்டுப் புது முகப்புகள் எழுப்பப்பட்டன. அடுத்து வந்த பெருமந்தத்தில் வணிகம் சரிந்தது. 1970களில் மேல்தளங்கள் பூட்டிக் கிடந்தன. பராமரிப்பின்றிக் கட்டடங்கள் சிதைந்தன. அருகில் மூன்று பிளாக்குகளை இடித்துவிட்டு, இலவச பார்க்கிங் கொண்ட பிளாசா பாசடீனா என்ற பெரிய வணிக வளாகம் 1980இல் திறக்கப்பட்டது. எஞ்சிய பழைய பகுதி 1983இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. கட்டடங்கள் பிழைத்தன. ஆனால் உடைந்த நடைபாதைகளையும் இருண்ட சந்துகளையும் சரிசெய்யப் பணம் இல்லை.

1993இன் உடன்பாடு

1993 வரை அங்கே மீட்டர் கிடையாது. இரண்டு மணி நேர வரம்பு மட்டும் இருந்தது. கடை ஊழியர்களே சாலையோர இடங்களைப் பிடித்து, நேரம் முடியும்போது காரைச் சற்று நகர்த்தி வைத்தார்கள். மீட்டர் வைக்கலாம் என்று நகராட்சி சொன்னபோது வணிகர்கள் எதிர்த்தார்கள். இருக்கும் சில வாடிக்கையாளர்களும் இலவச பார்க்கிங் உள்ள வளாகத்துக்கே போய்விடுவார்கள் என்பது அவர்களின் அச்சம்.

அந்த இழுபறியைத் தீர்த்தது ஒரே ஒரு வாக்குறுதி: மீட்டர் வருவாய் முழுவதும் பழைய பாசடீனாவுக்கே. வணிகர்களும் கட்டட உரிமையாளர்களும் இசைந்தார்கள். மணிக்கு 1 டாலர் என்ற கட்டணத்தை ஏற்றதோடு, மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மீட்டர் ஓடச் சம்மதித்தார்கள். செலவுக்கு ஆலோசனை சொல்ல வட்டாரத்தினர் அடங்கிய குழு அமைக்கப்பட்டது.

பணம் சேரட்டும் என்று நகராட்சி காத்திருக்கவில்லை. வரப்போகும் மீட்டர் வருவாயைக் காட்டி 50 லட்சம் டாலர் கடன் வாங்கி, முதலிலேயே பணிகளைத் தொடங்கியது. பழங்கால வடிவ விளக்குகளும் மரங்களும் இருக்கைகளும் வந்தன. சந்துகள் நடந்துசெல்லும் பாதைகளாயின. ஓட்டுநர் போடும் காசு எதற்குப் போகிறது என்று மீட்டரிலேயே எழுதி ஒட்டப்பட்டது. 2001இல் சுமார் 690 மீட்டர்களிலிருந்து கிடைத்த நிகர வருவாய் 12 லட்சம் டாலர். அதில் ஒரு பகுதி கடனை அடைத்தது. மீதி நடைபாதைத் துப்புரவுக்கும் கூடுதல் ரோந்துக்கும் போனது. பழைய பாசடீனாவின் விற்பனை வரி வருவாய் பிளாசா பாசடீனாவினுடையதை விரைவிலேயே தாண்டியது. அந்த வளாகம் பின்னர் இடிக்கப்பட்டு, திறந்தவெளிக் கடைவீதியாக மாற்றப்பட்டது.

மீட்டர் மட்டுமே இதைச் சாதித்துவிடவில்லை. 1980களிலேயே மரபுக் கட்டடங்களின் மீட்பு தொடங்கியிருந்தது. தொடங்கிய மாற்றம் நிலைத்து வளர, ஆண்டுதோறும் வற்றாத நிதி வேண்டியிருந்தது. அதை மீட்டர் தந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் இந்த ஊரை, அந்த வளாகத்தை ஒட்டிய வணிகப் பகுதியான வெஸ்ட்வுட் வில்லேஜுடன் ஒப்பிட்டுக் காட்டினார். 1980இல் கூட்டம் அலைமோதிய வெஸ்ட்வுட் பின்னர் மங்கியது. 1994இல் அங்கே கட்டணம் 1 டாலரிலிருந்து 50 சென்டாகக் குறைக்கப்பட்டது. மீட்டர் பணமோ நகரின் பொது நிதிக்கே போய்க்கொண்டிருந்தது. 2005இல் வந்த ‘த ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்’ நூலில் ஷூப் மூன்று செயல்களை இணைத்து முன்வைத்தார்: ஒவ்வொரு பிளாக்கிலும் ஓரிரு இடங்கள் எப்போதும் காலியாக இருக்கும்படி சாலையோரக் கட்டணத்தை அமைப்பது, அந்த வருவாயை அதே வட்டாரத்துக்குத் தருவது, புதுக் கட்டடங்கள் இத்தனை பார்க்கிங் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்ற விதியை நீக்குவது.

மானியம் இயங்கும் விதம்

பார்க்கிங் பணம் கடைவீதிக்குத் திரும்ப இரு வழிகள் உண்டு. ஒன்று, பாசடீனாவில் நடந்ததுபோல நகராட்சியே பொதுப் பணிகளைச் செய்வது. மற்றொன்று, தனியார் கட்டடங்களுக்கு மேம்பாட்டு மானியம் தருவது. உரிமையாளரோ கடைக்காரரோ முகப்பு, பெயர்ப்பலகை, வெளிவிளக்கு ஆகியவற்றுக்கான வரைபடத்தோடு விண்ணப்பிக்கிறார். ஒரு குழு வடிவமைப்பை ஆராய்கிறது. வேலை முடிந்து ரசீதுகளைக் காட்டியதும் செலவில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. உரிமையாளரும் தன் பணத்தைப் போடுவதால் பொதுப் பணம் வீணாகும் வாய்ப்பு குறைகிறது. மீட்டர் பராமரிப்பு, கண்காணிப்பு, கடன் தவணை ஆகியவை போக மீதமுள்ளதை மட்டுமே மானியத்துக்கு ஒதுக்குவது பாதுகாப்பு. காரணம், இந்த வருவாய் எப்போதும் நிலையாக இராது: 2020இன் பெருந்தொற்றில் வீதிகள் வெறிச்சோடியபோது மீட்டர் வருவாயும் சேர்ந்தே விழுந்தது.

இந்த வருவாயைத் தொலைநோக்கின்றிக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சிகாகோ சான்று. 2008இல் அந்நகரம் தன் 36,000 மீட்டர்களை 75 ஆண்டுகளுக்குத் தனியாரிடம் குத்தகைக்கு விட்டு, சுமார் 115 கோடி டாலர் பெற்றது. பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்கச் சில ஆண்டுகளிலேயே அதில் பெரும்பகுதி செலவாகிவிட்டது. குத்தகைக் காலமோ தலைமுறைகளைத் தாண்டி நீள்கிறது.

இன்னொரு கேள்வி நியாயம் பற்றியது. கூட்டம் வரும் வீதிக்கே பணம் சேர்ந்தால் நலிந்த பகுதிகளுக்கு என்ன கிடைக்கும்? சான் டியேகோ வருவாயைப் பகிர்ந்து விடை கண்டது. 1997இல் வகுத்த கொள்கைப்படி, மீட்டர் வருவாயில் 45 விழுக்காடு வசூலான வட்டாரத்துக்குத் திரும்பியது. எஞ்சியது நகரத்திடம் இருந்தது. கட்டணம் செலுத்திய தெரு தன் பங்கைக் கண்ணால் கண்டது. மற்றத் தெருக்களுக்கும் செலவிட நகராட்சியின் கையில் பணம் இருந்தது.