மாதாமாதம் வரும் தலைவலியா? கழுத்தையும் கவனியுங்கள்

பீரியட்ஸ் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே உங்களுக்குக் கழுத்து இறுகத் தொடங்குகிறதா? பிறகு தலையில் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கிறதா? வெளிச்சம் கூசுகிறது, குக்கர் விசில் சத்தம்கூடத் தாங்கவில்லை, குமட்டல் வேறு. ‘பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்’னு வீட்டில் சொல்லியிருப்பார்கள். நீங்களும் தைலம் தேய்த்து, மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருப்பீர்கள். இதற்குப் பெயர் மாதவிடாய் ஒற்றைத் தலைவலி. சிகிச்சையும் இருக்கிறது.

மாதவிடாய் நெருங்கும்போது உடலில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சட்டென்று குறைகிறது. ஏற்கெனவே ஒற்றைத் தலைவலித் தன்மை உள்ளவர்களுக்கு இந்த இறக்கமே வலியைக் கிளப்பிவிடுகிறது. மாதவிடாய்க்கு 2 நாள் முன்பிருந்து, தொடங்கிய 3-வது நாள் வரைக்குள், மூன்று மாதத்தில் இரண்டு மாதமாவது வலி வந்தால் டாக்டர்கள் இந்த வகை என்று சந்தேகிப்பார்கள்.

சரி, கழுத்து ஏன் வலிக்கிறது? முகத்திலிருந்தும் தலையிலிருந்தும் வலியைக் கொண்டுபோகும் நரம்பும், கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன. அதனால் தலையில் கிளம்பும் வலி கழுத்தில் தெரியலாம். கழுத்தின் இறுக்கம் தலைவலியைக் கூட்டவும் செய்யலாம். தையல் மெஷின், பீடித் தட்டு, கம்ப்யூட்டர், செல்போன் என்று நாள் முழுக்கக் குனிந்தே இருப்பவர்களுக்கு இது இரட்டைச் சுமை. எடுத்த எடுப்பில் ‘எலும்பு தேய்மானம்’னு முடிவுகட்டி எக்ஸ்ரே எடுக்க ஓட வேண்டாம்.

இங்கேதான் பிசியோதெரபி, அதாவது இயன்முறை சிகிச்சை, உதவுகிறது. அது ஹார்மோனை மாற்றாது. கழுத்து, தோள்பட்டைத் தசைகளைத் தளர்த்தி, பலப்படுத்தும். அதனால் சிலருக்குக் கழுத்து வலியோடு தலைவலியும் குறைகிறது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. மருந்துக்குத் துணையாகத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கமாகச் சொல்லித்தரும் ஒரு பயிற்சி: மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், ‘ஆமாம்’ என்று தலையசைப்பதுபோல முகவாயை மெல்ல உள்ளே இழுத்து 5 முதல் 10 விநாடி வைத்திருங்கள். இப்படிப் 10 முறை. வலி இல்லாத நாட்களில்தான் செய்ய வேண்டும். வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். கழுத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துச் சொடுக்கு எடுக்காதீர்கள். அபூர்வம்தான் என்றாலும், ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போன சம்பவங்கள் உண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு மாதவிடாய் தேதி, தலைவலி வந்த தேதி, போட்ட மாத்திரை மூன்றையும் குறித்து வையுங்கள். தினசரி காலண்டர் வேண்டாம், கிழித்தால் போய்விடும். மாதக் காலண்டரே போதும். ஸ்கேனை விட இந்தக் குறிப்புதான் டாக்டருக்கு அதிகம் உதவும். தேதி ஒழுங்காக வருகிறது என்று தெரிந்தால், அந்த சில நாட்களுக்கு மட்டும் முன்கூட்டியே மாத்திரை தர முடியும். மாத்திரை எண்ணிக்கையும் முக்கியம்: சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கும்.

மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. முதலில் ஓ.பி. சீட்டு போட்டு டாக்டரைப் பாருங்கள். தேவைப்பட்டால் அவர் அங்கே அனுப்புவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். ஆனால் அது நடமாட முடியாதவர்களுக்கானது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104-க்கு போன் பண்ணிக் கேளுங்கள்.

கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகளோ பளபளப்போ தெரிந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாலா-என் போன்ற ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகள் இவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். வேறு முறைக்கு மாற்றித் தருவார்கள். இதுவரை இல்லாத அளவுக்குத் திடீரெனத் தலைவலி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, ‘வழக்கமா வர்றதுதானே’ன்னு இருந்துவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.