கைவேலை மேசை – 14: ஆணி ஊறிய காடி

சென்ற வாரம் தாமரைக்கொடியைச் செதுக்கி முடித்து, பெல்ட்டை நிழலில் காயப்போட்டதோடு நிறுத்தியிருந்தோம். என் முதல் பெல்ட்டுக்கு அடி விழுந்ததே அந்தக் காயப்போட்ட இடத்தில்தான். ஈரத்தோலின் நுனி சுருளாமல் இருக்கட்டும் என்று அதன்மேல் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் எடுத்தால், ஸ்கேல் கிடந்த நீளத்துக்குக் கருநீலத்தில் ஒரு பட்டை. துடைத்தேன், போகவில்லை. சோப்புப் போட்டேன், இன்னும் கறுத்தது.

திருச்சியில் எனக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவருக்குப் போன் செய்தேன்.

"பாய், தோலு வீணாப்போச்சு. கறுப்பா கறை புடிச்சிருக்கு."

"இரும்பு பட்டுச்சா?"

"ஆமா பாய்."

"எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு தேய்ங்க தம்பி. அப்புறம் பச்சத்தண்ணியில நல்லாத் துடைச்சிருங்க. அது இருக்கட்டும், கறை புடிச்சுச்சுன்னா நல்ல தோலாத்தான் வாங்கியிருக்கீங்க."

எலுமிச்சைச் சாறு பட்டதும் பட்டை வெளிறிக் காணாமல் போனது. அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தின் பொருள் எனக்குப் புரியப் பல மாதங்கள் ஆயின. இந்த வாரம் முழுக்க அந்த வாக்கியம்தான்.

தோலைப் பதனிட இரண்டு பெரிய வழிகள். ஒன்று மரப்பட்டை, காய்களின் துவர்ப்பு. மற்றது குரோமிய உப்பு. இரண்டாவது வழிக்கு 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கப்பட்டது. வேலை சீக்கிரம் முடியும் என்பதால் இன்றைக்கு உலகத்துத் தோலில் பெரும்பகுதி அந்த வழியில்தான் வருகிறது. ஆனால் நம் வேலைக்கு அது உதவாது. நனைத்து, அச்சு வைத்துத் தட்டினால் குரோம் தோல் மெத்தைபோல எழும்பிப் பழையபடி நிற்கும். பட்டைத் தோல்தான் அடித்த அடியை மறக்காமல் வைத்திருக்கும். திண்டுக்கல், திருச்சி, ஈரோட்டுப் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டெடுத்த தோலுக்கு, 'ஈஸ்ட் இந்தியா' என்று வெள்ளைக்காரன் வைத்த பெயர் சுருங்கி, ஈ.ஐ. தோல் என்றே இன்றும் வியாபாரத்தில் பெயர். சென்னை பெரியமேட்டில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டைச் சாறு பெருமளவு பிடித்துக்கொண்டது வேறு கதை. நமக்கு வேண்டியது துவர்ப்பு. அது எந்த மரத்திலிருந்து வந்தாலும் சரி.

அந்தத் துவர்ப்பின்மேல் ஈரத்தோடு இரும்பு பட்டால் இரண்டும் கலந்து கறுப்பாகும். என் ஸ்கேல் செய்தது அதைத்தான். இதில் புதிதாக ஒன்றுமில்லை. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம்மவர்கள் மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. காளஹஸ்தியில் கலம்காரித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைத்து, துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த சாற்றால் அதன்மேல் கோடு இழுக்கிறார்கள். சாற்றுக்கென்று பெரிய நிறம் கிடையாது. கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும்தான் கோடு கறுக்கிறது. எழுதுகிறவர் கையில் பாதிக் கறுப்பு, துணிக்குள் மீதிக் கறுப்பு. நாம் பெல்ட்டுக்குச் செய்யப்போவதும் அதுவே. தோலுக்குள் துவர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. வெளியிலிருந்து இரும்பைக் கொடுத்தால் போதும்.

கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் அரை லிட்டர் வெள்ளை வினிகர், ஒரு கைப்பிடி இரும்பு. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைப் போட்டுவிட்டு ஒரு மாதம் காத்திருந்தவன் நான். அது துருப்பிடிக்காத எஃகு, காடியில் நூறு நாள் ஊறினாலும் பளபளவென்று சிரிக்கும். பெயின்ட் கடையில் மரத்தைத் தேய்க்க விற்கும் இரும்பு நார் வேண்டும். அதில் எண்ணெய் தடவியிருப்பார்கள், சோப்புநீரில் அலசிவிட்டுப் போடுங்கள். முலாம் பூசாத பழைய ஆணி என்றாலும் ஆகும், நாள்தான் கூடும். மூடியை இறுக்கித் திருக வேண்டாம். உள்ளே ஹைட்ரஜன் வாயு குமிழியிடும், வெளியேற வழி வேண்டும். பக்கத்தில் அடுப்பும் எரியக் கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் குமிழி அடங்கி, காடியின் நெடியும் குறையும். காப்பி வடிகட்டும் துணியில் இரண்டு முறை வடித்துக்கொள்ளுங்கள். அந்தத் துணியை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். எங்கள் வீட்டில் அதற்காக ஒரு வாரம் காப்பி கிடைக்கவில்லை.

இந்தக் காடியைச் செதுக்கிய தோலில் பஞ்சால் தாராளமாகத் தடவுங்கள். முதலில் சாம்பல், பிறகு நீலம் ஓடிய சாம்பல். ஐயோ, இவ்வளவுதானா என்று தோன்றும். அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். இரும்பும் துவர்ப்பும் கலந்த கலவை காற்றுப் படப்படத்தான் முழுக்கக் கறுக்கும். அப்படியும் சாம்பலாகவே நின்றால் அந்தத் தோலில் துவர்ப்புக் குறைவு. கொதிக்கக் கொதிக்கப் போட்ட கட்டங்காப்பி நிறத் தேயிலைச் சாற்றை ஆறவைத்துத் தடவி, உலர்ந்தபின் மறுபடி காடி. தேயிலையின் துவர்ப்பு பட்டையின் குறையை நிரப்பிவிடும்.

இந்த முறையில் பலரும் தாண்டிப்போகும் இடம் ஒன்று உண்டு. காடி அமிலம். அதைத் தோலுக்குள் அப்படியே விட்டுவைத்தால் சில வருடங்களில் பெல்ட் வளையும் இடத்தில் வெடிக்கும். பழைய கையெழுத்துச் சுவடிகளில் இரும்பு மையால் எழுதிய வரி மட்டும் காகிதத்தைத் தின்று ஓட்டையாக நிற்பதை ஆவணக்காப்பகங்களில் பணிபுரிகிறவர்கள் அறிவார்கள். அங்கும் குற்றவாளிகள் அமிலமும் மிகுந்துபோன இரும்பும்தான். அதனால் ஒரு கரண்டி சமையல் சோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, பெல்ட்டின் மேல் ஊற்றித் தடவுங்கள். நுரைக்கும். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். காய்ந்த தோல் அப்பளம்போல விறைத்திருக்கும், பயப்பட வேண்டாம். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை மெல்லிசாக இரண்டு முறை ஏற்றினால் வளைவும் வரும், கறுப்பும் ஆழும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயை எடுக்காதீர்கள். மார்கழிக் குளிரில் அது உறைந்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கும்.

கடையில் வாங்கும் கறுப்பு ஸ்பிரிட் சாயம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுமே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். முதல் பெல்ட்டுக்கு ஸ்பிரிட் கறுப்பைத்தான் பூசினேன். ஒரே பூச்சு, கொழகொழவென்று. மைத்துனன் அதைக் கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனான். சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்தவன், வெள்ளைச் சட்டையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினான். "அத்தான், உங்க தாமரையெல்லாம் என் சட்டையில வந்திருச்சு." மிச்சமான சாயத்தூள் தோலுக்குள் போகாமல் மேலேயே உட்கார்ந்திருந்து, வியர்வையில் இறங்கிவிட்டது. காடிக் கறுப்பு அப்படி ஒட்டாது, அது மேலே உட்கார்ந்த தூள் அல்ல. கறுப்பு என்றால் எனக்கு இனி காடிதான்.

மற்ற நிறங்களுக்கு ஸ்பிரிட் சாயத்தை விட்டால் வழியில்லை. அதிலும் பொறுமை வேண்டும். சாயத்தோடு அதே அளவு ஸ்பிரிட் கலந்து நீர்க்கச் செய்யுங்கள். ஒரு பூச்சு நீளவாக்கில், காய்ந்தபின் அடுத்தது குறுக்குவாக்கில், மூன்றாவது வட்டம் வட்டமாக. ஒரே கனத்த பூச்சு விட்டுச்செல்லும் கோடுகளும் திட்டுகளும் இந்த மூன்றில் ஒன்றோடொன்று கரைந்துவிடும். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள். மறுநாள் காலை வெளிச்சத்தில் தெரிவதே நிறம். கடைசியில் பழைய வெள்ளைப் பனியன் துணியால் தேயுங்கள். துணியில் நிறம் ஏறுவது நிற்கும்வரை தேயுங்கள். கை வலிக்கும். மைத்துனன் சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

செதுக்கிய தோலில் சாயம் எல்லா இடத்திலும் ஒரேபோலப் போகாது. கத்தி கீறிய பள்ளம் தண்ணீரைப்போலச் சாயத்தை உறிஞ்சும். அச்சுத் தட்டி இறுகிய இடம் குறைவாகக் குடிக்கும். பூவைச் சுற்றிய பின்னணிக்கு மட்டும் நிறம் வேண்டுமானால், தூரிகையில் சொட்டு நிற்காதபடி தொட்டு, கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். கோடுவரை அதுவே நகர்ந்து போகும்.

பூ வெளிறியும் பள்ளங்கள் கருத்தும் தெரிய வேண்டும் என்றால் அமெரிக்கக் குதிரைச்சேணக்காரர்களின் வழி ஒன்று இருக்கிறது. வயோமிங் மாநிலத்து ஷெரிடன் ஊர்ச் சேணங்களில் நெருக்கமாகச் சுழலும் பூக்கள் அவ்வளவு எடுப்பாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். செதுக்கல் முழுக்க முதலில் ஒரு தடுப்புப் பூச்சு. அது நன்றாக உலர்ந்ததும், 'ஆன்டிக்' என்று விற்கும் கெட்டிப் பசையை அள்ளிப் பூசி, உடனே துடைத்துவிடுவார்கள். மேட்டில் தடுப்பு இருப்பதால் பசை நிற்காது. பள்ளத்தில் தங்கிவிடும். தடுப்பு சரியாகக் காயாமல் நான் அவசரப்பட்ட அன்றைக்கு, தாமரை முழுக்கச் சேற்றில் முளைத்தது போலவே ஆகிவிட்டது. பொருத்தம்தான், ஆனால் விற்கவில்லை.

மேற்பூச்சைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு ஒன்றுமில்லை. நீரில் கரையும் அக்ரிலிக்கைப் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு இரண்டு மெல்லிய பூச்சு. தடித்த ஒரே பூச்சு வளைவில் பாளம் பாளமாக வெடிக்கும். மழையில் போகாத பொருள் என்றால் தேன்மெழுகும் எண்ணெயும் உருக்கிக் கலந்த களிம்பே போதும், எனக்குப் பிடித்ததும் அதுதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். பெல்ட் வெட்டிய அதே தோலின் ஓரத்துண்டுகளை எறியாதீர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கீறல், நான்கு அச்சுத் தட்டி, என்ன பூசினீர்கள், எத்தனை முறை, எந்தத் தேதி என்று பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுவையுங்கள். அடுத்த வாரம் ஓரம் தேய்ப்பதற்கு அந்தத் துண்டுகள்தான் வேண்டும்.

(தொடரும்)