ராமேஸ்வரம் சாலையில் ஊர் வந்தால்... 30-க்கு இறங்குங்க!

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அது தேசிய நெடுஞ்சாலை 87. ஆனால், ராமநாதபுரத்தைத் தாண்டியதும் வரிசையாக வரும் உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் மக்களுக்கு அந்தச் சாலைதான் கடைத்தெரு, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி. மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களும், சைக்கிளில் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளும் அதே சாலையைத்தான் கடந்தாக வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தத் தீவு ரயிலை மட்டுமே நம்பியிருந்தது. 1988 அக்டோபர் 2-ம் தேதி பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்ட பிறகுதான் பஸ்ஸும் காரும் நேராக உள்ளே வந்தன. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு, அரிச்சல்முனை வரை போகும் சாலை 2017 ஜூலையில் திறக்கப்பட்டது. பரமக்குடி - ராமநாதபுரம் சாலையை 46.7 கிலோமீட்டருக்கு நான்கு வழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் தந்திருக்கிறது.

எல்லாமே நல்ல விஷயம்தான். பிடித்த மீன் சீக்கிரம் சந்தைக்குப் போகும். நோயாளி சீக்கிரம் மதுரைக்குப் போவார். ஆனால், சாலை அகலமாக அகலமாக வண்டிகளின் வேகமும் கூடும். அந்த வேகம் ஊர் எல்லையோடு நின்றுவிடாமல் தெருவுக்குள்ளும் நுழைவதுதான் பிரச்னை.

கண்ணை ஏமாற்றும் வேகம்

குடியிருப்புக்குள் வேகமாக வருபவர்கள் எல்லோரும் பொறுப்பில்லாதவர்கள் அல்ல. ஒரு மணி நேரமாக 80, 90-ல் ஓட்டிவந்தவருக்கு 50 என்பது ஊர்ந்து போவதுபோலத் தெரியும். கண்ணும் காலும் அந்த வேகத்துக்குப் பழகிவிடும். 'ரொம்ப மெதுவாகத்தான் போகிறோம்' என்று அவர் மனதார நம்புவார். ஸ்பீடோமீட்டரைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இரவெல்லாம் கண்விழித்து, விடிவதற்குள் அக்னி தீர்த்தத்துக்குப் போய்விட வேண்டும் என்று வருகிற வேன் டிரைவருக்கு இந்த மயக்கம் இன்னும் அதிகம்.

ஒரு பனைமரக் கணக்கு

திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. அதைப் பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். சாலை காய்ந்திருந்து, பிரேக்கும் நன்றாக இருந்தால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டி சுமார் 14 மீட்டரில் நின்றுவிடும். 60-ல் வந்த வண்டிக்குச் சுமார் 40 மீட்டர் வேண்டும்.

குழந்தை நிற்பது 20 மீட்டர் தூரத்தில் என்றால்? 30-ல் வந்த வண்டி 6 மீட்டர் முன்பாகவே நின்றிருக்கும். 60-ல் வந்த வண்டியோ பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே 17 மீட்டரைக் கடந்திருக்கும். சுமார் 55 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். கடற்கரைக் காற்று சாலையில் மணலை வாரிப் போட்டிருந்தால், டூ வீலர்காரரின் நிலைமை இன்னும் மோசம்.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். 30-ல் மோதுவது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 60-ல் மோதுவது 14 மீட்டர் உயரப் பனைமரத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம்.

நஷ்டம் 2 நிமிடம்

ஊருக்குள் இருக்கும் 2 கிலோமீட்டரை 60-ல் கடந்தால் 2 நிமிடம். 30-ல் கடந்தால் 4 நிமிடம். 170 கிலோமீட்டர் பயணத்தில் இப்படி ஐந்து ஊர்களில் நிதானித்தாலும் 10 நிமிடம்தான் கூடுதல். வழியில் ஒரு டீ குடிக்கிற நேரம்!

சட்டம் என்ன சொல்கிறது?

நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, டூ வீலருக்கு 60 என்பது மத்திய அரசு 2018-ல் அறிவித்த உச்சவரம்பு. குடியிருப்புத் தெருவுக்கு இது மிக அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவின்படி, தேவையான இடங்களில் மாநில அரசு இதைவிடக் குறைந்த வேகத்தை நிர்ணயித்து, பலகை வைக்கலாம். சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்து காவல்துறை இதைத்தான் செய்தது: குடியிருப்புப் பகுதிகளில் எந்த வண்டியாக இருந்தாலும் 30.

உலகத்துக்கும் இது புதிதல்ல. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-லேயே முக்கியச் சாலைகள் தவிர மற்ற எல்லாத் தெருக்களிலும் 30 என்று அறிவித்துவிட்டது. மக்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30-தான் உச்சவரம்பு என்று 2020 ஸ்டாக்ஹோம் சாலைப் பாதுகாப்பு மாநாடும் வலியுறுத்தியது.

வேகத்தடை மட்டும் போதுமா?

விபத்து நடந்த மறுநாளே கிடைத்த ஜல்லியையும் சிமென்ட்டையும் கொட்டி ஒரு மேடு கட்டுவது பல ஊர்களில் வழக்கம். வலி புரிகிறது, வழி சரியல்ல. வண்ணம் பூசாத, செங்குத்தான மேடு இரவில் டூ வீலரைத் தூக்கி எறியும். 108-ல் போகும் கர்ப்பிணிக்கும் அதே மேடுதான் ஆபத்து. இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, மெதுவாக ஏறி இறங்க வேண்டும். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை, வெள்ளைக் கோடு, ஒளிரும் பட்டை எல்லாம் கட்டாயம்.

தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடைக்கு அனுமதி கிடைப்பது கடினம். அங்கே வேறு வழிகள் உண்டு: ஊர் தொடங்கும் இடத்தில் அதிர்வுக் கோடுகள், சாலை குறுகுவதுபோலக் காட்டும் கோடுகள், வண்டியின் வேகத்தைக் காட்டும் மின்பலகை, நல்ல தெருவிளக்கு. 'இனி இது ஊர்' என்பதை ஓட்டுபவர் கண்ணால் உணர வேண்டும், அதுதான் முக்கியம்.

யாரிடம் கேட்பது?

ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடும். அங்கே தீர்மானம் போடலாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவை நடத்துபவரும் அவர்தான்.

'வேகமாகப் போகிறார்கள்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த இடம், எந்த நேரம், யார் கடக்கிறார்கள், அங்கே என்ன வேண்டும் என்று எழுதி, புகைப்படமும் இணையுங்கள். அப்படிப்பட்ட மனுவைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

முதலில் நம் வீட்டு வண்டி

தெருவுக்குள் பறப்பது எப்போதும் வெளியூர் வண்டிதான் என்று சொல்லிவிட முடியாது. பல நேரங்களில் அது நம் வீட்டுப் பையனின் பைக்காகவும் இருக்கும். 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டி விபத்து நடந்தால் 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோதான். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது.

வேன் பிடித்துக் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகிறவர்கள், கிளம்பும்போதே டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "தம்பி, ஊர் வந்தா 30-ல போங்க. லேட்டானா பரவாயில்ல, நாங்க எதுவும் சொல்ல மாட்டோம்."